தனிப்பாய் அம்மன்

இந்தக் கதையை நானே பதினோரு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கும்பாபிஷேக மலருக்குத் தலவரலாறு எழுத வந்திருக்கிறீர்கள். நான் கோயில் கமிட்டிச் செயலாளர். கூசாமல் சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்லவும் செய்வேன். ஆனால் முப்பது வருஷம் நூற்பாலையில் மேஸ்திரியாக நின்றவன் பாருங்கள், எங்கேயாவது இழை அறுந்திருந்தால் கண் அங்கேதான் போகிறது.

வேப்பமரத்தில் ஏன் இத்தனை கோரைப்பாய் கட்டித் தொங்குகிறது என்றுதானே கேட்டீர்கள்? அதெல்லாம் புருஷன்மார் படுத்த பாய். அதில் முதல் பாய் என்னுடையது. மேலே, கிழக்குப் பக்கக் கிளையில், மழையில் நைந்து ஓரம் மட்டும் தொங்குகிறதே, அதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

அப்போது நாங்கள் ஆலைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரி பேர் சண்முகவடிவு. வடிவு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி அப்போது பத்தொன்பது வருஷம். நல்ல குடும்பம், சார். ஒரு சண்டை கிடையாது. அவள் எதற்கும் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. நான் பக்கத்தில் போனால் கண்ணை மூடிக்கொள்வாள். அடக்கம். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். உழைத்த களைப்பு.

ஒரு தடவை "வலிக்குதுங்க" என்றாள். நான் சும்மா விடுகிற ஆளில்லை. மறுநாளே கோவில்பட்டியில் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன், முழங்காலுக்கு. அவள் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் தெரியுமா? புருஷன் இப்படி அக்கறையாக இருந்தால் எந்தப் பொம்பளைக்கும் கண் கலங்கத்தானே செய்யும்.

அந்த வருஷம்தான் ஆலை டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வர ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மட்டும். பொம்பளைகளுக்கு மட்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பிலோமினாதான் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். பிலோமி என்போம். அவள் புருஷன் சவுதியில் டிரைவர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவான். வாய் துடுக்கான பொம்பளை. அந்தச் செவ்வாய்க்கிழமை லைனிலிருந்து ஏழு பேர் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள், வடிவும் போனாள். மறுநாள் புதன்கிழமை காலையில் கனவு வந்துவிட்டது. கிழமையை எழுதிக்கொள்ளுங்கள் சார். வேண்டாம், எழுத வேண்டாம்.

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வடிவு வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, பம்ப் ஹவுஸ் பக்கத்துல, வேம்படியில ஒரு கல்லு கெடக்குல்லா?"

"ஆமா, துணி துவைக்கிற கல்லு."

"அது அம்மனாம்."

"யாரு சொன்னா?"

"அவளேதான். கனவுல."

வாய் நிறையப் பல்பொடி. துப்பிவிட்டுக் கேட்டேன். "என்ன சொன்னா?"

"இந்த லைன்ல உள்ள பொம்பளைங்க ஒரு மண்டலம் தனியாப் படுக்கணுமாம்."

"தனியான்னா?"

"தனியான்னா தனியா."

நாற்பத்தெட்டு நாள் சார்! மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு. பின்னால் ஒரு நாள் டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன், பொம்பளைகளுக்கு வருகிற இந்த மாதிரிப் புண்ணுக்கெல்லாம் ஆறு வாரம் தள்ளிப் படுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஆறு வாரம் நாற்பத்திரண்டுதானே? மிச்சம் ஆறு நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிலோமி தாராளமானவள், அதை மட்டும் சொல்வேன்.

நான் உடனே கண்டிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் எதிர்வீட்டுப் பலவேசம் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தான். "என்ன வே மேஸ்திரி, ஒம்ம வீட்டுலயும் கனவா?" என்றான். அவன் வீட்டிலும் வந்திருக்கிறது. அடுத்த வீட்டிலும். எண்ணிப் பார்த்தால் ஏழு வீட்டிலும் அதே கனவு. போதாக்குறைக்குப் பிலோமி வீட்டிலும். ஏழும் ஒன்றும் எட்டு.

நான் பிலோமியிடம் கேட்டே விட்டேன். "ஏம்மா, நீ வேதக்காரப் பிள்ளை. ஒனக்கெதுக்கு அம்மன் விரதம்?"

"மாதாவும் அம்மாதானே அண்ணாச்சி."

"சரி. ஒன் புருஷன் தமாம்ல இருக்கான். நீ யாருகிட்டேருந்து தள்ளிப் படுக்கப்போற?"

"ஒரு ஒத்துமைக்குத்தான்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

விரதம் என்றால் நாம் கேள்விப்பட்ட மாதிரி இல்லை சார். உப்பு கூடாது, புளி கூடாது, அதெல்லாம் கிடையாது. நன்றாகச் சாப்பிடலாம். புருஷன் புதுக் கோரைப்பாய் வாங்கித் தனியாக விரித்துக்கொள்ள வேண்டும், அதை அவனேதான் விரிக்க வேண்டும், அவனேதான் சுருட்ட வேண்டும். பொம்பளைகள் தினமும் சாயங்காலம் ஒரு அகலமான சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் கால்மணி நேரம் உட்கார வேண்டும். அந்தத் தண்ணீரைப் புருஷன்தான் காய்ச்சித் தர வேண்டும். நான் காய்ச்சினேன். அம்மனுக்கு வெந்நீர் மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்டதற்கு வடிவு, "குளிர்ந்த தெய்வம், அதான்" என்றாள். யோசித்தால் அது பதிலே இல்லை. அன்றைக்கு எனக்கு அது பதிலாகத்தான் பட்டது.

அப்புறம் பிரசாதம். இங்கேதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். முதல் ஏழு நாள் காலையிலும் சாயங்காலமும் புருஷன்மாருக்கு ஒரு உருண்டை பஞ்சாமிர்தம். பல்லில் படக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். அந்த ஏழு நாளும் அதற்கு மேல் ரெண்டு நாளும் சொட்டுச் சாராயம் கூடாது. பிலோமி வீடு வீடாகப் போய் விரலை நீட்டிச் சொன்னாள். "குடிச்சா அம்மன் சும்மா விடமாட்டா. சொல்லிட்டேன்."

அந்தப் பிரசாதம் ஒரு மாதிரிதான் இருந்தது. விழுங்கின பிறகு நாள் முழுக்க வாயில் இரும்பு ருசி. அம்மன் சூலத்தை நாக்கில் வைத்த மாதிரி. நான் அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன், அதைக் கேட்டுப் பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இரண்டாம் நாள் தெரியாத்தனமாகக் கடித்துவிட்டேன். நடுவில் வெள்ளையாக என்னவோ இருந்தது. வட்டமாக. குறுக்கே ஒரு கோடு. கசப்பு என்றால் அப்படிக் கசப்பு. கற்கண்டு என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

கற்கண்டு கசக்குமா என்று கேட்கிறீர்கள். பதினோரு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் நாள் பலவேசம் கேட்கவில்லை. அவன் மச்சான் வந்திருந்தான். ரெண்டு பேரும் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார்கள். பலவேசம் நல்ல பிள்ளையாகப் பிரசாதத்தையும் வாங்கி விழுங்கிவிட்டு வாசலில் நின்று சிரித்தான். "பாத்தீரா வே, அம்மன் என் பக்கம்தான்" என்றான். அரைமணி கூட ஆகவில்லை. முகம் செக்கச் செவேல் என்று ஆனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் எடுத்தான் பாருங்கள் வாந்தி! நடந்துகொண்டே எடுத்தான், உட்கார்ந்து எடுத்தான், கடைசியில் தவழ்ந்துபோய் அந்தத் துணி துவைக்கிற கல்லின் முன்னாலேயே விழுந்துவிட்டான். "ஆத்தா, விட்டுரு! இனிமே தொடமாட்டேன்! எதையும் தொடமாட்டேன்!"

எதையும் என்றான் சார். லைனே கூடி நின்றது. அவன் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். விரதமிருந்த ஏழு புருஷன்மாரில் ஒருத்தனுக்காவது அதுவரை சந்தேகம் இருந்திருந்தால், அன்றோடு போயிற்று. எனக்கும் போயிற்று என்று சொல்லத்தான் ஆசை.

ஆனால் நான் வடிவைப் பார்த்துவிட்டேன். அம்மன் நேரில் வந்து நின்றால் பக்தைக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? அவள் பயந்துபோயிருந்தாள். ஓடிப்போய்ப் பிலோமி கையைப் பிடித்துக்கொண்டாள். பிலோமி உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, பலவேசத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் தெளிந்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "குடிக்காதன்னு சொன்னேனா இல்லையா, பாவி மனுசா!" என்று அவன் முதுகில் ரெண்டு வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் டிஸ்பென்சரிப் பக்கமாகப் போனேன். உள்ளே டாக்டரம்மா போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. "ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடணும்னு சொன்னேன், சரி. அவருகிட்டச் சொல்லாமலேயே குடுன்னு சொன்னேனா? ஏதாவது ஆகியிருந்தா யாரும்மா பதில் சொல்றது? புருஷன்கிட்ட வாயத் தொறந்து பேசறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அப்புறம் ஒரு குரல், "சொன்னாக் கேக்கணும்ல டாக்டர்" என்றது.

வடிவு குரல் மாதிரி இருந்தது. நான் நடந்து போய்விட்டேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நேரமாகவில்லை சார், இருபது நிமிஷம் இருந்தது. ஆனாலும் போய்விட்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் பொங்கல் வைத்து, பாயைச் சுருட்டி மரத்தில் கட்டினோம். துணி துவைக்கிற கல்லுக்கு மஞ்சள் பூசிப் பாவாடை சாத்தினோம். தனிப்பாய் அம்மன் என்று பேர் வைத்தது நான். கமிட்டி ஆரம்பித்ததும் நான்தான். பலவேசம் மணி வாங்கிக் கொடுத்தான்.

வடிவு ஆளே மாறிப்போயிருந்தாள். அதற்கு முன்னால் ரேஷன் கடைக்கு நடந்து போகும்போது நாலு இடத்தில் நிற்பாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். சாந்தமாகப் பேசிக்கொண்டே இருப்பவள், யாராவது கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சிரிக்கிற சத்தத்தையே நான் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வராது, சிலர் அப்படி என்று விட்டுவிட்டேன். இப்போது குழாயடியில் அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது. எல்லாம் அம்மன் அருள் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதுதான் விபரீதம்.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். "ஒரு மண்டலத்துக்கே இவ்வளவு பலன்னா, மூணு மண்டலம் இருந்தா என்ன? நான் இருக்கப்போறேன்." ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். பொம்பளைகள் வடிவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வடிவுக்கு மறுநாள் காலையிலேயே கனவு வந்துவிட்டது.

"போதும்னு சொல்லிட்டா" என்றாள்.

"நல்லாக் கேட்டியா?"

"நல்லாத்தான் கேட்டேன்."

"தெய்வம் இப்படி அவசரப்படாது வடிவு. அது ஒன் பிரமை." நான் புதுப் பாய் வாங்கிவிட்டேன்.

இந்த வீம்பில் இன்னும் ரெண்டு மாசம் போயிற்று. அவள் என் பாய்ப் பக்கமாக வந்து கைதவறின மாதிரி டம்ளரைக் கீழே போடுவாள். மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்வாள். நான் வாங்கிவந்து அம்மனுக்குச் சாத்துவேன். ஒரு நாள் பிலோமி வழிமறித்தாள். "அண்ணாச்சி, அம்மன் மேல ஒங்களுக்கு இருக்கிற பக்தியில கால்வாசி மைனி மேல வைக்கக் கூடாதா?" என்றாள். வேதக்காரப் பிள்ளைக்கு நம் பக்தி பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வடிவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கனவுல வந்தா. கோவமா இருக்கா. பாயை மடிச்சு மேல போடச் சொன்னா."

"அப்படியா!"

"இன்னும் முடியல. முறை சொல்லியிருக்கா."

"என்ன முறை?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மெதுவா. மொதல்ல பேசணும். மொகத்தப் பாத்துப் பேசணும். கண்ண மூடியிருந்தா, ஏன் மூடியிருக்கேன்னு கேக்கணும். நிறுத்துன்னா நிறுத்தணும். அப்புறம்..."

"இரு, இரு" என்று டைரியை எடுத்து வந்தேன். மேஸ்திரி புத்தி. குறித்துக்கொண்டே கேட்டேன். "எவ்வளவு நேரம் பேசணும்?"

"கேட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் பதில் வந்தது. "பேச்சுக்கு நேரக்கணக்கு கெடையாதாம்."

அப்புறம் நான் நிறையக் கேள்வி அனுப்பினேன், சார். தினம் ஒன்று. எல்லாவற்றுக்கும் காலையில் பதில் வந்துவிடும். சில பதில்களை உங்களிடம் சொல்ல முடியாது. அம்மனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சில பதில் சொல்லும்போது வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், நானும் சிரிப்பேன், பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். ஒரு தடவை கேட்டேன், "இம்புட்டு வேலை இருக்கிற தெய்வம் நம்ம வீட்டு விஷயத்தையா இவ்வளவு கவனிக்கும்?"

"வேற யாரு கவனிச்சா?" என்றாள்.

அந்தப் பதிலை மட்டும் நான் டைரியில் எழுதவில்லை.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் எழுதாதீர்கள்.

இதுதான் தலவரலாறு. பக்தையின் கனவில் அம்மன் தோன்றி விரதமுறை அருளினாள், குடித்துவிட்டு வந்தவனைத் தண்டித்தாள், தம்பதிகளைச் சேர்த்துவைத்தாள். கமிட்டி எழுதிக் கொடுத்ததும் இதுதான். கீழே 'நேரில் கண்ட உண்மை' என்று போட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்துவிட்டேன், போட முடியவில்லை. கனவு பொய் என்றால் கோயில் பொய். அதுகூடப் பரவாயில்லை, கல் அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கனவு பொய் என்றால் அந்தப் பத்தொன்பது வருஷம் என்ன என்கிற கேள்வி வருகிறதே சார். அதற்குப் பயந்துதான் இந்தப் பதினோரு வருஷமும் நான் வடிவிடம் கேட்காமல் இருந்தேன். அம்மன் இருக்கிற வரைக்கும் நான் ஒரு நல்ல பக்தன். அவளை எடுத்துவிட்டால் நான் யார்?

போன வெள்ளிக்கிழமை கேட்டுவிடுவது என்று போனேன். வடிவு முறத்தில் சுண்டைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிவு, அந்தக் கனவு..."

"எந்தக் கனவு?"

"மொதக் கனவு. புத்தகத்துல அச்சாகப் போகுது. நான் கையெழுத்துப் போடணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போடுங்க."

"நெசம்னு போட்டிருக்கு."

"போன செவ்வாக்கிழம சாத்தூர்லேருந்து மூணு பொண்ணுங்க வந்திருந்தாளுங்க. ஒருத்திக்குக் கல்யாணமாகி எட்டே மாசம். உக்கார முடியாம நின்னுக்கிட்டே சாமி கும்பிட்டா. பிலோமிதான் பேசி, டாக்டரம்மா வீட்டு அட்ரஸ் எழுதிக் குடுத்தா. நாப்பத்தெட்டு நாளுக்கு மாமியாகிட்ட என்ன சொல்லுவேன்னு அழுதா. அம்மன் உத்தரவுன்னு சொல்லுன்னேன். மாமியாளே பாய் வாங்கிக் குடுத்துட்டாளாம்." முறத்தைத் தட்டினாள். "நீங்க பொய்யின்னு எழுதினா, அவ எந்தச் சாமியச் சொல்லுவா?"

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோ, இதுதான் தாள், வாங்கிக்கொள்ளுங்கள். கனவைப் பற்றி அப்புறம் நான் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்தும்விட்டேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தே கேட்டேன், சார்.

"வடிவு, அம்மன் என்கிட்டச் சொல்றதுக்கு முன்னால, நீ என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்ப?"